ரன்ஆஃப்: வழிந்தோடும் நீரா, ஓடுநீரா?

மண் குடித்தது போக, தரைமேலேயே பள்ளம் தேடி ஓடும் மழைநீருக்கு ஆங்கிலத்தில் ரன்ஆஃப் என்று பெயர். (தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது நடக்கும் இரண்டாம் சுற்றுக்கும் இதே பெயர்தான். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.) நம் பாடநூல்கள் இதை 'வழிந்தோடும் நீர்' என்கின்றன. எனக்கு அது ஒப்பவில்லை. வழிதல் என்றால் நிரம்பித் தளும்புதல். குடம் வழியும். குளம் நிரம்பினால் நெல்லைச் சீமையில் 'மறுகால் பாயுது' என்போம். ரன்ஆஃப் எதுவும் நிரம்பி வருவதல்ல. சிமெண்ட் முற்றமும் தார்ச்சாலையும் ஒரு சொட்டும் உறிஞ்சாததால் வருவது. 'வடிநீர்' என்பாரும் உண்டு. தேங்கியதை வடிப்பதற்கே அது பொருந்தும். 'ஓடுநீர்' போதும், நகர ஓடுநீர், வயல் ஓடுநீர் என்று முன்னே சேர்க்கவும் வசதி.

ஓடுநீர் போகும் தடத்துக்கு இங்கே ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: வாறுகால். சென்னையில் சொன்னால் முழிப்பார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் தெருவோரக் கால்வாய்க்கு அதுதான் பெயர். கால் என்பது வாய்க்கால். தாமிரபரணியிலிருந்து பிரியும் பாளையங்கால், கோடகன்கால் பெயர்களிலும் அது நிற்கிறது. 'வாறு' என்பது வார்தலோடு, அதாவது ஒழுகுதலோடு, உறவுடையது என்றே எனக்குப் படுகிறது. 'வாருகால்' என்று இடையின ரகரம் போட்டு எழுதுவோரும் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அடுக்களைத் தண்ணீரும் மழைத்தண்ணீரும் அதே வாறுகாலில்தான் ஓடுகின்றன. ஆகவே எல்லாம் 'சாக்கடை' என்று ஒரே பெயரில் அடங்கிவிடுகிறது. பாதாளச் சாக்கடையில் சேர்ந்தது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வழியுண்டு. ஓடுநீர் பெரும்பாலும் நேரே குளத்துக்கும் ஆற்றுக்கும்தான்.

அந்த நீரில் கலந்து போவதில் ஒன்று பெஸ்டிசைடு. கொள்ளைநோயைக் குறிக்கும் 'பெஸ்டிஸ்' என்ற லத்தீன் சொல்லோடு கொல்லுதல் சேர்ந்து பிறந்தது. எலி, களை, பூஞ்சை, கரையான் எல்லாவற்றையும் கொல்வதும் இதில் அடக்கம். 'பூச்சிக்கொல்லி' அதில் ஒரு கிளை மட்டுமே. இலங்கைத் தமிழர் 'பீடைகொல்லி' என்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம். பேச்சிலோ எல்லாமே 'மருந்து': வயலுக்கு மருந்து, கொசு மருந்து, கரையான் மருந்து. வயலுக்கு அடிப்பது மட்டும் விஷமாகத் தெரிகிறது, வாசல்படியில் அடிப்பது தெரிவதில்லை.

வீட்டு மருந்துகளில் பெரும்பங்கு பைரித்ராய்டு வகை: சைபர்மெத்ரின், பைஃபென்த்ரின், டெல்டாமெத்ரின். சாமந்தி இனப் பூவிலிருந்து எடுத்த பைரித்ரத்தைப் பார்த்து ஆலையில் செய்தவை. மனித உடல் இவற்றை விரைவில் சிதைத்துவிடும். மீனுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் அப்படியல்ல. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே சில சிறு நீருயிர்கள் தாங்காது. இவை நீரில் கரைவதைவிட மண்துகளில் ஒட்டிக்கொண்டு நகர்வதே அதிகம். கலிஃபோர்னியாவில் புறநகர் ஓடைகளின் வண்டலில் இவற்றைக் கண்டபின், வீட்டுக்கு வெளியே தொழில்முறையாக மருந்தடிப்போர் சிமெண்ட் தரை முழுக்கத் தெளிக்கக் கூடாது, மழையின்போது அடிக்கக் கூடாது என்று 2012இல் அந்த மாநிலம் விதி போட்டது.

நமக்குக் கடல் தொலைவில்லை. தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. 21 தீவுகளும் பவளப்பாறையும் கடற்புல்லும் உள்ள உயிர்க்கோளக் காப்பகம் அது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்போர் அந்தக் கரையில்தான் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அப்படிப்பட்ட வெள்ளத்தில் நஞ்சின் செறிவு குறைந்துபோகும். கோடை முழுக்கத் தரையில் படிந்ததை ஒட்டுமொத்தமாக வழித்துக்கொண்டு வரும் முதல் மழைதான் மோசம். இந்த முதல் வீச்சை 'முதல் கழுவல்' எனலாம். மாடித் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுவதும் இதை அறிந்துதான்.

கடலில் போய் அள்ள முடியாது. தெருவிலேயே தடுக்க வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முந்தைய வாரங்களில் வீட்டைச் சுற்றித் தெளிப்பதை விடலாம். கரப்பானுக்கு ஜெல் பொட்டு வைத்தால் தரை கழுவப்பட்டாலும் மருந்து கிளம்பாது. மருந்து அடித்த டப்பாவையும் பம்பையும் வாறுகாலில் அலசுவது கூடவே கூடாது. முற்றத்தில் நாலடி மண் விட்டால் அந்த அளவுக்கு ஓடுநீர் குறையும். நகரக் குளங்களும் துகளை அடியில் தங்கவைத்து ஓரளவு உதவுகின்றன. ஆனால் நயினார்குளமோ வேய்ந்தான்குளமோ, தூர்வாரிய வண்டலைத் தோட்டத்துக்குக் கொட்டுமுன் அதில் என்ன தங்கியிருக்கிறது என்று சோதித்துவிடுவது நல்லது.