ஒழித்த நோயின் மாதிரியை ஏன் வைத்திருக்கிறோம்?

திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளுக்கு மலேரியா பற்றிப் பேசப் போகும்போது, உயர்தர மாணவர்களிடமிருந்து அண்மைக் காலமாக ஒரு கேள்வி வருகிறது. 'ஹேலோ' என்ற கணினி விளையாட்டில் எல்லா உயிரையும் அழிக்கிற ஓர் ஒட்டுண்ணி இருக்கிறது. அதை ஒரு பழைய இனம் பூட்டி வைத்திருந்ததாகக் கதை. "அவ்வளவு பொல்லாததை அவை ஏன் சேர் அழிக்காமல் பத்திரமா வச்சிருந்தவை?" என்று கேட்கிறார்கள்.

விளையாடாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2001இல் வெளிவந்த விளையாட்டு அது. ஏறத்தாழ ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஃபோரன்னர் என்றொரு பேரறிவுள்ள இனம் வாழ்ந்ததாகக் கற்பனை. 'ஃப்ளட்' என்ற ஒட்டுண்ணி உடலுக்குள் புகுந்து நரம்பு மண்டலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைப் போரில் வெல்ல முடியாமல்போக, அந்த இனம் விண்வெளியில் பெரும் வளையங்களைக் கட்டியது. அவற்றை இயக்கினால் சிந்திக்கும் உயிர்கள் எல்லாம் மடியும். இரை இல்லாமல் ஒட்டுண்ணியும் பட்டினி கிடக்கும். அப்படியே இயக்கினார்கள். ஆனால் அதே வளையங்களுக்குள் ஒட்டுண்ணியின் உயிருள்ள மாதிரிகளையும் பூட்டி வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் வந்திறங்கிய வேறொரு படை, என்ன இருக்கிறதென்று தெரியாமல் கதவைத் திறந்துவிடுகிறது.

மலேரியா இரத்தப் பூச்சுகளை, அதாவது கண்ணாடி வழுக்கியில் மெல்லிதாகத் தடவிய இரத்தத்தை, நுணுக்குக்காட்டியில் பார்ப்பதுதான் என் தொழில். ஆகவே இதைச் சிறுபிள்ளைகளின் கேள்வியென்று என்னால் தள்ள முடியாது. எங்கள் ஆய்வுகூட அலுமாரியிலும் மலேரியா இருக்கிறது.

மாதிரிகளை வைத்ததற்குக் கதை சொல்லும் காரணம் ஆராய்ச்சி: என்றாவது ஒரு மருந்து கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒட்டுண்ணி அவர்களின் விண்மீன் மண்டலத்துக்கு வெளியேயிருந்து வந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்தாலும் வெளியே அது இருக்கும், திரும்பி வரலாம். இந்த நியாயம் எனக்கு முழுமையாகப் புரிகிறது. இலங்கையின் நிலையும் அதுதான். உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் எங்களை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் பாக்கு நீரிணைக்கு அப்பால் மலேரியா இருக்கிறது, ஆபிரிக்காவில் இருக்கிறது. விமானத்திலும் கப்பலிலும் வந்துகொண்டும் இருக்கிறது. அதைக் காவும் நுளம்பும் இங்கிருந்து போய்விடவில்லை. ஆற்றுப் படுக்கையில் நீர் வற்றித் தேங்கும் குழிகள் அதற்குப் போதும். 2018 டிசெம்பரில் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு நோய் தொற்றியது. அது அந்த ஒருவரோடு நின்றதற்குக் காரணம், உடனே கண்டுபிடித்தார்கள் என்பது மட்டுமே.

உடனே கண்டுபிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதும் இந்த நாட்டுக்குத் தெரியும். 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகள் மட்டுமே என்ற நிலை வந்தது. முடிந்துவிட்டதென்று கை தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியாவில் விழுந்தார்கள்.

இனி அந்த அலுமாரி. அதற்குள் இருப்பவை நிறமூட்டி உலர்த்திய கண்ணாடி வழுக்கிகள். ஜீம்சா சாயத்தில் ஊறி, மேலே மூடித்தட்டு ஒட்டி, வெளிச்சம் படாத பெட்டியில் அடுக்கியிருக்கும். நோயாளியின் பெயர் இராது, இலக்கம் மட்டும். இவற்றிலிருந்து யாருக்கும் மலேரியா வராது. ஒட்டுண்ணி செத்துவிட்டது, அதன் உருவம்தான் மிஞ்சியிருக்கிறது. அந்த உருவம்தான் எங்களுக்கு வேண்டும். பயிற்சிக்கு வரும் ஒரு பிள்ளை இங்கே வேலை செய்யத் தொடங்கி ஆண்டுக்கணக்கில் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் காணாமல் இருக்கலாம். பார்க்கும் பூச்சு ஒவ்வொன்றும் 'இல்லை', 'இல்லை' என்றே போகும். பிறகு ஒருநாள் மடகாஸ்கரில் மாணிக்க வியாபாரம் செய்துவிட்டு வந்த ஒருவரின் இரத்தம் வரும். சிவப்பணுவின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய வளையம், பிறை வடிவில் கிடக்கும் பால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி இனம், பெருத்துப்போய்ப் புள்ளி விழுந்த அணுவுக்குள் ஒழுங்கற்றுப் பரந்த வைவாக்ஸ் என்ற இன்னோர் இனம். சாயக் கசடையும் குருதிச் சிறுதட்டையும் இவற்றிலிருந்து பிரித்தறிய வேண்டும். புத்தகப் படத்தில் எல்லாம் தெளிவாக இருக்கும், உண்மையான பூச்சில் அப்படி இராது. கண் பழக வேண்டும். நோயாளிகள் இல்லாத நாட்டில் கண்ணைப் பழக்க இந்தப் பழைய வழுக்கிகளை விட்டால் வேறு வழி இல்லை. சாயம் காலப்போக்கில் மங்கும் என்பதுதான் என் கவலை.

உயிரோடு வைத்திருப்பதும் உண்டு, ஆனால் அது பெரிய ஆய்வுகூடங்களின் வேலை. நெதர்லாந்தில் விமான நிலையத்துக்கு அருகே வாழ்ந்த, நாட்டைவிட்டே போகாத ஒருவருக்கு வந்த பால்சிபாரம் மலேரியாவை எடுத்து வளர்த்தார்கள். என்.எஃப்.54 என்று பெயர். அதைப் பற்றிய 1981ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் பொன்னுத்துரை. எங்கள் காதுக்குப் பழகிய பெயர் என்பதால் மாணவர்களிடம் இதை எப்போதும் சொல்வேன். 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஆபிரிக்கக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த மலேரியாத் தடுப்பூசியின் புரதம் இந்த இனத்திலிருந்து வந்தது. அன்று அதைக் கொன்றிருந்தால் நாற்பது வருடக் கல்வி போயிருக்கும்.

ஆனாலும் மாணவர்களின் பயம் நியாயமானதே. பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர் 1977இல் சோமாலியாவில் இருந்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆராய்ச்சிக்காக வைரசை வைத்திருந்த ஆய்வுகூடத்துக்கு மேல்மாடியில் வேலை செய்த புகைப்படக் கலைஞர் ஜெனட் பார்க்கர் அதே நோயால் இறந்தார். அதன் பின்னர் உலகில் இரண்டே இடங்களில் வைரசை வைத்திருக்க ஒப்புக்கொண்டார்கள்: அமெரிக்காவில் அட்லாண்டா, ரஷ்யாவில் முதலில் மொஸ்கோ, இப்போது கோல்ட்சோவோ. ஆனால் 2014இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் ஒரு பழைய குளிரறையில் பெரியம்மைக் குப்பிகள் அகப்பட்டன. அவை அங்கே இருப்பதை யாருமே அறிந்திருக்கவில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். மாறாக, மாடுகளைக் கொன்ற ரிண்டர்பெஸ்ட் வைரசை இங்கிலாந்தின் பர்பிரைட் நிறுவனம் மரபணு வரிசையை முழுதாகப் படித்துப் பதிந்துகொண்டு 2019இல் அழித்தது. படித்த பிறகு உடல் தேவையில்லை என்றால் அழிக்கலாம், அழிக்க வேண்டும்.

ஃபோரன்னர்களைப் பற்றி மாணவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். மாதிரி வைத்ததில் பிழை இல்லை. உயிரோடு வைத்தார்கள், அதைவிட, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வைத்தார்கள். காவலுக்கு ஓர் இயந்திரம் இருந்தது, கதவுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று வருகிறவனுக்கு எடுத்துச் சொல்லும் சமூகம் இருக்கவில்லை. அறிவு அறுந்துபோன பிறகு பூட்டு இருந்தும் பயனில்லை.

அந்த அறிவு எங்கள் ஆய்வுகூடத்தோடு நிற்கக்கூடாது. ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ தொழிலுக்குப் போகிறவர்கள், கப்பலில் வேலை செய்கிறவர்கள், யாத்திரை போய்வருகிறவர்கள், தமிழ்நாட்டிலிருந்து திரும்பிக் குடியேறுகிறவர்கள்: காய்ச்சல் வந்தால் "எத்தனை நாளாகக் காய்ச்சல்" என்பதோடு "நான் இந்த இந்த ஊருக்குப் போய்வந்தேன்" என்றும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இங்கே காய்ச்சல் என்றால் டெங்கு என்று நினைப்பதே வழமை. நீங்கள் சொல்லாவிட்டால் மலேரியாவுக்கு இரத்தம் எடுக்காமலே விடக்கூடும். பால்சிபாரம் சில நாள் தாமதத்திலேயே உயிரைப் பறிக்கும். வைவாக்ஸ் ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து, சிலவேளை ஒரு வருடம் தாண்டியும் எழும்பும். அதனால் திரும்பி வந்து எவ்வளவு காலமானாலும் பயணத்தை மறைக்காதீர்கள். போவதற்கு முன் எடுக்கும் தடுப்பு மாத்திரைகளை மலேரியா தடை இயக்கம் இலவசமாகத் தருகிறது. புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பிராந்திய மலேரியா அலுவலகத்தில் கேளுங்கள். சில மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கும்.