பானெட்டை வெட்டும் முன்: பழைய மசில் கார் வைத்திருப்பவர்களுக்கு

ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட்டுக்கு வடக்கே வுட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் நடக்கும். சுற்று வட்டாரத்துப் பழைய கார்கள் எல்லாம், பெரிய இஞ்சின் வைத்த மசில் கார்கள் உட்பட, அன்றைக்குத் தெருவுக்கு வந்துவிடும். கோடை தொடங்கியதுமே நான் வேலை செய்யும் பட்டறைக்கு ஒரே மாதிரிக் கோரிக்கைகள் வர ஆரம்பிக்கும்: "பானெட்டை வெட்டி ஒரு ஸ்கூப் வையுங்கள், இஞ்சினுக்குக் காற்று நன்றாகப் போகட்டும்." ஸ்கூப் என்பது காற்றைப் பிடிக்க பானெட்டின் மேல் எழுப்பும் வாய். ஆசையில் தவறே இல்லை. ஆனால் வேறெங்கோ வெட்டிவிட்டு, பிறகு சரிசெய்ய எங்களிடம் கொண்டுவரப்படும் கார்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. வெட்டும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

பலரும் நம்புவது இதுதான்: கார் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று ஸ்கூப்பில் புகுந்து இஞ்சினுக்குள் அழுத்தமாக இறங்கும், அதனால் சக்தி கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 430 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கும் மேல். அதாவது அரை சதவீதம்கூட இல்லை. 160-இல் போனாலும் ஒரு சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டும். சாலையில் ஓட்டும் காருக்கு இது கணக்கிலேயே வராது.

உண்மையான லாபம் வெப்பநிலையில் இருக்கிறது. பானெட்டுக்கு உள்ளே 65 டிகிரி, வெளியே 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்று 13 சதவீதம் அடர்த்தியானது. அந்த அடர்த்தி முழுவதும் சக்தியாக மாறிவிடாது. ஏறக்குறைய பாதி மாறும் என்று வைத்துக்கொண்டாலும் நல்ல லாபம்தான். ஆனால் அது கிடைக்க வேண்டுமானால் இஞ்சின் வெளிக்காற்றை மட்டுமே குடிக்க வேண்டும். அதற்கு ஸ்கூப் போதாது. ஸ்கூப்புக்கும் ஏர் க்ளீனருக்கும் (இஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் பெட்டி) நடுவே இடைவெளியில்லாத சீல் வேண்டும்.

தயாரிப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1964-இல் பான்டியாக் ஜிடிஓ வந்தபோது பானெட்டில் இருந்த ஸ்கூப்புகள் வெறும் அலங்காரம். காற்றுக்கு வழியே கிடையாது. அடுத்த ஆண்டு அதைத் திறந்துவிட டீலர்கள் மூலம் ஒரு கிட் விற்றார்கள். அதில் முக்கியமானது, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர்களைச் சுற்றி உட்காரும் ஒரு தட்டும், பானெட்டின் அடிப்பக்கத்தில் அழுந்தி நிற்கும் ஃபோமும்தான். 1969 மஸ்டாங்கில் வந்த ஷேக்கர் என்ற அமைப்பில் ஸ்கூப்பையே ஏர் க்ளீனர் மேல் பொருத்திவிட்டார்கள். 1970 ஷெவெல் எஸ்எஸ்-இல் வந்த கவுல் இண்டக்‌ஷன் பானெட் எனக்கு மிகவும் பிடித்தது. கவுல் என்பது முன்கண்ணாடியின் அடிவாரம். ஸ்கூப்பின் வாய் பின்னால், அந்தக் கண்ணாடியைப் பார்த்து இருக்கும். ஓடும் காரில் முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மோதித் தேங்கி அழுத்தம் கூடும். அங்கிருந்து எடுப்பது பானெட்டின் நடுவில் இருந்து எடுப்பதைவிட நல்லது. நடுவில் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று சோர்ந்த காற்று. அங்கே ஒரு அங்குல உயரத்துக்கு வைக்கும் ஸ்கூப்பால் பெரிதாக ஒன்றும் உள்ளே வராது.

எங்களிடம் வரும் கார்களில் அதிகம் பார்ப்பது, ஓட்டை இருக்கும், சீல் இருக்காது. இஞ்சின் பழையபடி ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும். கூடுதலாகக் கிடைத்தது மழைத்தண்ணீர் மட்டும். உங்கள் காரில் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு தெர்மாமீட்டர் போதும். அதன் முனையை ஏர் க்ளீனருக்குள் விட்டு, கால் மணி நேரம் ஓட்டி, வெளி வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் வெட்ட வேண்டியது பானெட்டை இல்லை. கட்ட வேண்டியது சீலை. அழுத்தமும் பார்க்கலாம். ஒளி ஊடுருவும் குழாயை யூ வடிவில் வளைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ஏர் க்ளீனருக்குள் செருகி, மறுமுனையைக் காருக்குள் திறந்து வையுங்கள். முழு த்ராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது, தண்ணீர் க்ளீனர் பக்கமாக ஏறினால் காற்று வழி எங்கோ இறுகியிருக்கிறது. ஓட்டுபவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவராக இருக்கட்டும்.

சூடு குறையட்டும் என்று பானெட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கமும் இருக்கிறது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கண்ணாடி அடிவாரம் அழுத்தம் கூடிய இடம் என்றேன். அதனால் வேகத்தில் சூடு அந்த வழியே சரியாக வெளியேறாது. கார் நிற்கும்போதோ மேலே எழும் புகை, அங்கேயே இருக்கும் கேபின் காற்றுத் துளைகளுக்குப் போகும். பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) சின்னக் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு உங்கள் இருக்கை வரை வரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி என்று நினைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். கவுல் ஓரத்தில் உள்ள ரப்பர் பட்டையை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.

கார்புரேட்டரைத் தாங்கும் இன்டேக் மேனிஃபோல்டை உயரமானதாக மாட்டியதால் பானெட் மூடவில்லை, அதனால் வெட்ட வேண்டும் என்பவர்கள் ஏர் க்ளீனர் மேல் களிமண் உருண்டைகளை வைத்து பானெட்டை மெதுவாக இறக்கிப் பாருங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. ஒரு அங்குலமாவது வேண்டும், ஏனென்றால் வேகம் கொடுக்கும்போது வி8 இஞ்சின் ஒரு பக்கமாகப் புரண்டு எழும். 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதனால்தான். இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் பிய்ந்து இஞ்சின் எழும்பியபோது த்ராட்டில் இணைப்பு இழுபட்டு வண்டி தானாக வேகமெடுத்தது. மவுண்டைப் பார்க்காமல் ஸ்கூப் வேலையைத் தொடங்கவே கூடாது. புது ஏர் க்ளீனரின் விளிம்பு த்ராட்டில் கம்பியில் உரசுகிறதா என்றும் கையால் முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள். உயரத்தைக் குறைக்க தாழ்வான ஏர் க்ளீனர் மாட்டினால், அதன் மூடி கார்புரேட்டர் வாயை நெருங்கிவிடும், அதுவும் மூச்சடைப்புதான்.

ஏர் ஃபில்டரே இல்லாமல் ஓட்டுபவர்களிடம் ஒன்று: கார்புரேட்டர் வழியாக பேக்ஃபயர் (இஞ்சினுக்குள்ளிருந்து பின்னோக்கிப் பாயும் தீ) வரும்போது அந்தத் தீயை உள்ளேயே அடக்குவது இரும்பு ஏர் க்ளீனர்தான். அப்புறம், எக்ஸாஸ்ட் பக்கமிருந்து சூடான காற்று கொண்டுவரும் குழாய் உங்கள் காரில் இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் குளிர்ந்துபோகும்; ஈரமான குளிர்நாளில் உள்ளே பனிக்கட்டி படிந்து வண்டி நின்றுவிடும்.

இனி தாழ்ப்பாள். பானெட்டின் அடிச்சட்டத்தை வெட்டினால் மேல்தகடு துவளும். எடை குறைந்த ஃபைபர்கிளாஸ் பானெட்டைப் பழைய கீல்களிலேயே மாட்டினால், இரும்புக்காகச் செய்த ஸ்ப்ரிங்குகள் அதை மூடும்போதெல்லாம் வளைத்து விரிசல் விழவைக்கும். மணிக்கு 110 கிலோமீட்டரில் எதிர்க்காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 57 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். இரண்டு சதுர மீட்டர் பானெட் ஒன்று நிமிர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் விசை உங்கள் முகத்துக்கு நேராக வரும். முன்பக்கம் திறந்து பார்வையை மறைக்கக்கூடிய பானெட்டுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் வேண்டும் என்பது அமெரிக்காவில் 1969 முதல் பாதுகாப்பு விதி. அதைச் செயலிழக்க வைக்கப் பழுதுபார்க்கும் தொழில் செய்பவர்களுக்கு அனுமதி கிடையாது. 'எடுத்துவிடலாம்' என்று சொல்லும் பட்டறையை நம்பாதீர்கள். ஃபைபர்கிளாஸ் என்றால் பானெட்டைப் பிடித்துப் பூட்டும் பின்களும் போடுங்கள், நான்கு மூலையிலும்.

கடைசியாக, அசல் இரும்பு பானெட்டை வெட்டவே வேண்டாம். பிரபலமான மாடல்களுக்கெல்லாம் புதிதாகச் செய்த ஸ்கூப் பானெட் விற்கிறது. அதை வாங்கி மாட்டி, சீலையும் அதற்கேற்ற ஏர் க்ளீனரையும் சேர்த்தே வாங்குங்கள். கழற்றிய அசல் பானெட்டின் உள்மடிப்புகளில் துருத் தடுப்பு அடித்து, தரையில் படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்க வருபவர் அதையும் கேட்பார்.