ரெசினும் மரமும் சேர்ந்த மேசை விளக்கு: வார்ப்பதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

வைரம் பாய்ந்த கட்டையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் எபாக்ஸி ரெசினை (ஊற்றியபின் இறுகிக் கெட்டியாகும் திரவப் பிளாஸ்டிக்) ஊற்றி, உள்ளிருந்து ஒளிரும்படி செய்யப்படும் மேசை விளக்குகள் பார்ப்பவரை உடனே கவர்ந்துவிடுகின்றன. இதைக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பெரும்பாலானோர் அழகான கட்டையொன்றைக் கையோடு கொண்டுவந்து, இதற்கு எந்த நிற ரெசின் பொருந்தும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உள்ளே எரியப்போகும் பல்பு எது, அதன் சூடு எந்த வழியாக வெளியேறும், அது பழுதானால் எப்படிக் கழற்றுவது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அலங்காரப் பொருளாகத் தோன்றினாலும் விளக்கு ஒரு மின்சாதனம். இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும்வரை ரெசின் டப்பாவைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். அறை வெப்பநிலையில் இறுகும் வார்ப்பு ரெசின்களில் பல, ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள்ளாகவே தம் விறைப்பை இழக்கத் தொடங்கிவிடும். சில அதற்கும் முன்பே இளகும். இழை பல்பு தான் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாக மாற்றுவதில்லை, மீதியெல்லாம் சூடுதான் என்பதால், ரெசின் விளக்கில் அதற்கு இடமே இல்லை. எல்இடி சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மை. அது முன்பக்கமாகச் சூட்டை வீசுவதில்லையே தவிர, சிப்பின் அடிப்பக்கத்தில் சூடு பிறக்கத்தான் செய்கிறது. அதை வாங்கிக் கடத்த ஓர் உலோகப் பரப்பும், வெளியேற்றக் காற்றோட்டமும் இல்லாவிட்டால், முதலில் எல்இடியின் ஆயுள் குறையும், பிறகு அதைச் சுற்றியுள்ள ரெசின் பழுப்பேறும். மரமும் ரெசினும் சூட்டை எளிதில் கடத்தாதவை ஆகையால், எல்இடி பட்டையை ரெசினுக்குள்ளேயே மூழ்கடித்து வார்ப்பது அதைப் போர்வைக்குள் பொதிந்துவைப்பதற்கு ஒப்பாகும். பட்டையில் ஒரு துண்டு அணைந்துபோனாலும் முழு விளக்கும் வீண். கழற்றிப் பழுதுபார்க்க வழியில்லை.

இதற்காக நான் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. எபாக்ஸி பாலிஎத்திலீனில் ஒட்டாது. எனவே அந்தப் பிளாஸ்டிக்கில் ஒரு தண்டைச் சற்றே கூம்பலாகக் கடைந்து, வார்ப்பின் நடுவில் நிறுத்தி, ரெசின் இறுகியபின் உருவிவிட்டால், வழவழப்பான ஒரு குழல் கிடைக்கும். அலுமினியச் சட்டத்தில் ஒட்டிய எல்இடி பட்டையைக் கீழிருந்து அந்தக் குழலுக்குள் செருகி, அடிப்பலகையில் இரண்டு திருகுகளால் நிறுத்திவிடலாம். குழலின் அடியிலும் உச்சியிலும் சிறு துளை இருந்தால், சூடான காற்று தானாக மேலேறிக் குளிர்ந்த காற்றைக் கீழிருந்து இழுத்துக்கொள்ளும். உச்சித் துளையை மறைக்க மரத்தாலான ஒரு மூடியைச் சிறிது தூக்கி வைத்தால் போதும். கண்ணுக்கு அதுவும் அலங்காரமாகத்தான் தெரியும்.

மரத்தைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அது எவ்வளவு காய்ந்திருக்கிறது? வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு 8 முதல் 12 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது. கருவியால் அளக்காமல் கையால் தடவிப் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பை நம்ப வேண்டாம். ஈரக்கட்டை பிறகு காயும்போது இழைக்குக் குறுக்கே சுருங்கும், ரெசின் அதோடு சேர்ந்து சுருங்காது. இரண்டும் பிரியும் கோடு பகலில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், விளக்கு எரியும்போது வெள்ளிக் கம்பிபோல் பளிச்சென்று தெரியும். தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மரங்களின் ஒட்டும் பரப்பை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் வார்க்க வேண்டும். அதற்கு முன்பே தளர்ந்த மரப்பட்டையையும் உளுத்த பகுதியையும் எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மரத்துளைகளுக்குள் இருக்கும் காற்றுதான் குமிழிகளுக்கு முதற்காரணம். மெல்லிய ரெசின் பூச்சு ஒன்றைத் தடவி, அது கையில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே முதன்மை வார்ப்பைத் தொடங்கினால், துளைகளும் அடைபடும், இரண்டு அடுக்குகளும் ஒன்றோடொன்று பிணையும். ஊற்றும் ரெசினைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மேற்பூச்சுக்கான ரெசின் வேறு, ஆழமாக வார்ப்பதற்கானது வேறு. ரெசினும் ஹார்ட்னரும் (அதை இறுகச்செய்யக் கலக்கும் திரவம்) சேர்ந்து இறுகும் வினை வெப்பத்தை உமிழ்வது. பருமன் கூடக்கூட அந்த வெப்பம் வெளியேற வழியின்றி வினையையே மேலும் விரைவுபடுத்தும். சில மில்லிமீட்டர் தடிமனுக்கென்று தயாரித்த ரெசினைக் கைப்பிடி ஆழத்துக்கு ஊற்றினால் அது மஞ்சளாகி, வெடித்து, புகையவும் கூடும். கலக்கிய குவளையில் மீதமிருக்கும் ரெசினுக்கும் இதே குணம் உண்டு என்பதால், அதைத் தாள் குப்பையோடு போடாமல், அகலமான தட்டில் பரப்பி இறுகவிட வேண்டும். அளவு விகிதத்தை எடையால் சொல்லியிருக்கிறார்களா, கன அளவால் சொல்லியிருக்கிறார்களா என்று உறையைப் படித்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுவது வீண்வேலை, அது என்றென்றும் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

இனிச் சொல்லப்போவதை மட்டும் யாரும் வேகமாகக் கடந்துவிட வேண்டாம். இறுகாத எபாக்ஸியும் அதன் ஹார்ட்னரும் தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. பல மாதங்கள் வெறுங்கையால் வேலை செய்தும் ஒன்றும் ஆகாதவருக்கு, ஒருநாள் விரலிடுக்கில் அரிப்பும் கொப்புளமும் தோன்றலாம். அப்படி உடலில் ஒருமுறை ஒவ்வாமை உருவாகிவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீடிக்கும், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மீண்டும் எழும். நாற்றமில்லாத ரெசின் என்ற விளம்பரத்தைத் தீங்கில்லாத ரெசின் என்று படித்துவிடக் கூடாது. நைட்ரில் கையுறை அணியுங்கள். தோலில் பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். அசிட்டோனால் துடைப்பது பலருக்குப் பழக்கம், ஆனால் அது தோலின் எண்ணெய்க் காப்பை அகற்றி நிலைமையை மோசமாக்கும். தூசிக்கான என்95 முகமூடி ஆவியைத் தடுக்காது. காற்றோட்டம் போதாத இடத்தில் கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசமே வேண்டும். தேய்க்கும்போது நிலைமை மாறி, தூசிதான் பகையாகிறது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் சேர்த்தது. மூக்கறையைத் தாக்கும் புற்றுநோயோடு கடினமரத் தூளுக்குத் தொடர்பு உண்டு. ரெசின் முழுமையாக இறுகுவதற்கு ஒரு வாரம்வரை ஆகலாம் என்பதால், கைக்குக் கெட்டியாகத் தெரிந்த மறுநாளே தேய்க்கத் தொடங்குவது பாதி இறுகிய ரெசினைச் சுவாசிப்பதாகும்.

தேய்ப்பில் மேசைக்கும் விளக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மேசையில் மேலிருந்து விழும் ஒளி சிறு கீறல்களை மன்னித்துவிடும்; உள்ளிருந்து வரும் ஒளி எதையும் மன்னிக்காது. ஆகையால் 120 எண் உப்புத்தாளில் தொடங்கி, இடையில் எந்த எண்ணையும் விட்டுவிடாமல், ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கீறல் மறைந்ததை ஒரு டார்ச்சை உள்ளே வைத்துப் பார்த்தபின்பே அடுத்ததற்குப் போகிறேன். எனினும் எல்லாப் பரப்பையும் கண்ணாடியாக்க வேண்டியதில்லை. குழலின் உட்சுவரை 320-இலேயே நிறுத்திவிட்டால் அது பனிபடர்ந்ததுபோல் நின்று, எல்இடி புள்ளிகளைக் கண்ணிலிருந்து மறைத்து ஒளியைச் சமமாகப் பரப்பும். மரத்தின் செம்பழுப்புக்கு 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் சாயல் ஒளி பொருந்துகிறது. குளிர்வெள்ளை ஒளியில் நல்ல தேக்குகூடச் சாம்பல் பூத்துப்போகிறது. இறுதியாக ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துப் போட்டு உலர்த்துங்கள், அல்லது நீர் நிரம்பிய தகர டப்பாவில் மூழ்கடியுங்கள்.

மின்னிணைப்புக்கு, மின்பணியில் தேர்ச்சியில்லாதவர் 12 வோல்ட் அடாப்டரோடு நின்றுகொள்வதே என் பரிந்துரை. அடாப்டர் விளக்குக்கு வெளியே இருக்கட்டும். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஹோல்டர் வைத்தே ஆக வேண்டுமானால், சுவிட்ச் லைன் ஒயரில் (மின்சாரம் வரும் ஒயர்) அமைய வேண்டும், திருகு ஹோல்டரில் அந்த ஒயர் நடுமுனைக்குச் செல்ல வேண்டும், தொடக்கூடிய உலோகப் பகுதி எதுவாயினும் அதற்கு எர்த் வேண்டும். ஒயர் மரத்திலிருந்து வெளிவரும் துளையில் ரப்பர் வளையமும், இழுத்தால் இணைப்பு பிடுங்காதபடி உள்ளே ஒரு பிடிப்பானும் இருக்கட்டும். முடிந்த விளக்கை யாருக்கும் கொடுப்பதற்கு முன் மூடிய அறையில் 8 மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, குழலின் உட்சுவர் வெப்பநிலையை அளந்து பாருங்கள். 45 டிகிரியைத் தாண்டினால் வாட்டைக் குறைக்கிறேன் அல்லது துளையைப் பெரிதாக்குகிறேன். அந்தச் சோதனையில் தேறிய வாட் அளவை அடிப்பலகையில் அழியாமல் பொறித்துவிடுகிறேன். அடுத்த பல்பை மாற்றப்போவது பெரும்பாலும் இந்த விளக்கு எப்படிச் செய்யப்பட்டதென்று அறியாத ஒருவராகத்தான் இருப்பார்.