வேலிச் செடிக்குப் புரட்டாசிதான் பட்டம்

சென்ற ஆண்டு ஆனி மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். சித்திரையில் நாற்பது வேலிச் செடிகளை வாங்கி நட்டு, காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் கருகிவிட்டன. காய்ந்த ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் நாற்றுப் பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தது. வெளிமண்ணுக்குள் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. நிழல்வலைக்குள் வளர்ந்த செடியைக் கத்திரி வெயிலின் வாசலில் கொண்டுவந்து நட்டால் வேறென்ன நடக்கும்? அந்த வீட்டம்மா கண்கலங்கி நின்றது இன்னும் மனதில் இருக்கிறது.

தோட்ட ஆலோசனைக்கு நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். கடையில் பூத்து நிற்கும்போது வாங்கிவிடுகிறோம். கடலூர், புதுச்சேரிப் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆடிப்பட்டம் விதைக்கு. புதர்ச் செடிக்கோ, புரட்டாசிக் கடைசியில் இரண்டு நல்ல மழை விழுந்து மண் குளிர்ந்திருக்க வேண்டும். அப்போது நட்டால் தை பிறப்பதற்குள் வேர் பிடித்துவிடும்.

எதை நடுவது என்று கேட்பவர்களைப் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய்ப் பார்த்துவரச் சொல்வேன். யாரும் தண்ணீர் ஊற்றாமலே கோடையிலும் பச்சையாக நிற்கும் அது, இந்தக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. காயாவும் காட்டு எலுமிச்சையும் இந்த வகைக் காட்டுச் செடிகள். காயா மெதுவாகத்தான் வளரும். ஆனால், திருமாலின் நிறத்துக்கு உவமையான அந்த நீலப் பூ கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக மலர்வதைப் பார்த்துவிட்டால் காத்திருந்தது பெரிதாகத் தெரியாது. காட்டு எலுமிச்சை இலையைப் புழு கடித்திருந்தால் தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். அது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை.

சீக்கிரம் வேலி அடைய வேண்டுமா? நொச்சியும் ஆடாதோடையும் போதும். இரண்டையும் ஆடு மேயாது. பென்சில் கனத்தில் முற்றிய கிளையை முக்கால் அடி நீளப் போத்தாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். ஆவாரை விதையின் தோல் கெட்டியானது; வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டால் முளைக்கும். அழகுக்காக உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை ஊரெங்கும் பரப்பிவிடும்.

தேவனாம்பட்டினம் போன்ற கடலோர மணலில் குழிக்குள் மட்கிய தொழுவுரம் தாராளமாக வேண்டும். களிமண்ணில் குழியே ஆபத்து. கார்த்திகை மழையில் நீர் தேங்கி வேர் அழுகும். அங்கே மேடு கட்டி நடுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பகுதி இது. வளர்ந்த நொச்சியைப் புரட்டாசியிலேயே இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் காற்று பிடிக்காது. வெட்டிய கிளைகளே போத்தாகும்.

மஞ்சக்குப்பத்து வீட்டில் சென்ற புரட்டாசியில் நொச்சிப் போத்துகளை ஊன்றினோம். இந்தக் கோடையில் வாரம் இருமுறை மட்டும் ஆழமாகத் தண்ணீர் விட்டார்கள். இப்போது தோள் உயரம். வரும் புரட்டாசியில் வெட்டும் கிளைகளை எதிர்வீட்டார் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்கள்.