கூடாரத்தின் காற்றுத்துளையை அடைக்காதீர்கள்

அண்டார்டிகாவுக்குக் கிளம்புகிறவர்களிடம் மருத்துவ விஷயங்களைப் பேச உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி, "குளிர் தாங்குமா டாக்டர்?" தாங்கும். அதற்கென்றே உடுப்பு இருக்கிறது. பனிப்பாளத்தின் மேல் போட்ட முகாமில் நான் பயந்தது குளிருக்கு அல்ல, குளிருக்குப் பயந்து நாங்கள் செய்த காரியங்களுக்கு.

அங்கே தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும். வெளியே காற்று ஆளைத் தள்ளும் என்பதால் அடுப்பு கூடாரத்துக்குள் வந்துவிடும். சட்டி நிறையப் பனி போட்டாலும் உருகியபின் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் நிற்கும். மறுபடி அள்ளிப் போட வேண்டும். அடுப்பு மணிக்கணக்கில் எரியும். சில்லிட்ட சட்டி தீயை அமுக்கினால் எரிபொருள் முழுதாக எரியாது. இதற்கிடையில் பனிப்புயல் காற்றுத்துளையை மூடிவிடும். அப்புறம் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும்.

1934-இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்ட், வானிலையைப் பதிவு செய்ய அண்டார்டிகாவின் ராஸ் பனியடுக்கில் தன்னந்தனியாகக் குளிர்காலத்தைக் கழித்தார். அடுப்புப் புகையும் ஜெனரேட்டர் புகையும் அவரைப் படுக்கையில் தள்ளின. அவர் அனுப்பிய ரேடியோச் செய்திகள் தாறுமாறாகப் போனதைப் பார்த்துத்தான் தலைமை முகாமில் இருந்தவர்களுக்குச் சந்தேகமே வந்தது. 1990 ஜனவரியில் நம் இந்தியாவின் ஒன்பதாவது அண்டார்டிகா பயணக் குழுவினர் நான்கு பேர் ஹம்போல்ட் மலைப்பகுதி முகாமில் இதே வாயுவால் இறந்தார்கள்.

அறிகுறிகள் தலைவலி, குமட்டல், அசதி. தென் துருவம் 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அப்படிப்பட்ட இடத்தில் 'உயரத்தால் வந்திருக்கும்' என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் இதில் நம்ப முடியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அது ஆக்சிஜன் ஏறிய ரத்தம் என்றே எண்ணி, 98 என்று காட்டும். ஒருவருக்குத் தலைவலி என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். அவருக்கும் இருந்தால் உடனே எல்லோரும் வெளியே. புயலாக இருந்தாலும் சரி. படுக்கிற உயரத்தில் ஒரு எச்சரிக்கைக் கருவியைத் தொங்கவிடுங்கள், குளிரில் சாதாரண பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் போடுங்கள்.

எங்கள் கூடாரத்தின் காற்றுத்துளையில் ஒருநாள் யாரோ கம்பளிக் காலுறையைத் திணித்திருந்தார்கள். பிடுங்கிப் போட்டேன், கொஞ்சம் திட்டவும் செய்தேன். விடிந்து பார்த்தால் அதே காலுறை, அதே துளையில்.