ட்ரிப் சுவிட்ச் மின்னலைப் பிடிக்காது

போன கிழமை கோண்டாவிலில் ஓர் ஐயா மின்னலில் எரிந்த ரீவியைக் காட்டிக் கேட்டார்: "ட்ரிப் சுவிட்ச் விழுந்ததுதானே தம்பி, பிறகு இது எப்படிப் போச்சு?" இந்த ஐப்பசி மழைக்கு இதே கேள்வி ஐந்தாவது வீட்டில்.

சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். ட்ரிப் சுவிட்ச் உங்களை ஷொக்கிலிருந்து காப்பாற்றப் பூட்டியது. 30 மில்லிஅம்பியர் கசிந்தால் விழும். விழுவதற்குப் பல மில்லிசெக்கன் எடுக்கும். மின்னல் அலை உச்சிக்கு ஏற ஒன்றிரண்டு மைக்ரோசெக்கன் போதும். ஒரு மில்லிசெக்கனுக்குள் ஆயிரம் மைக்ரோசெக்கன், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் விழுந்தது உண்மைதான், செத்தவீட்டுக்கு வந்த மாதிரி. முன்கூட்டியே நிறுத்தி வைத்தாலும் உள்ளே இருக்கும் இடைவெளி சில மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் காற்றைத் தாண்ட ஏறத்தாழ 3 கிலோவோல்ட் போதும்.

"எங்கட வீட்டில் விழவில்லையே" என்பார்கள். விழவே தேவையில்லை. 30 கிலோஅம்பியர் மின்னல் 100 மீற்றர் தள்ளி ஒரு பனையில் இறங்கினால், வீட்டுக்குக் கரண்ட் வரும் 8 மீற்றர் உயரக் கம்பியில் கணக்குப்படி 90 கிலோவோல்ட் அளவில் எழும்பும். வழியில் பாய்ந்து குறைந்தாலும் மிச்சம் ரவுட்டருக்குத் தாராளம்.

கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரும் 132 கிலோவோல்ட் லைன் போன்றவற்றைக் கணினியில் மாதிரியாக்கும்போது கோபுர அடியின் ஏர்த், அதாவது மின்னலை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, எத்தனை ஓம் தடை என்றுதான் முதலில் பார்ப்போம். 50 ஓம் என்றால், அதே 30 கிலோஅம்பியருக்கு எளிய கணக்கில் கோபுரமே 1500 கிலோவோல்டுக்கு ஏறி, இன்சுலேட்டரைத் தாண்டிக் கம்பிக்குப் பாயும். வீட்டு ஏர்த்தை யார் அளக்கிறார்கள்? வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஏர்த்துக்கு நிலத்தில் அடிக்கும் றொட் முழுதாக இறங்காது. மிச்சத்தை வாளால் அறுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள், எங்கள் தொழில்காரர்தான். அறுத்த றொட்டைக் கண்டால் எனக்குத் தலைக்கேறும். இறங்காவிட்டால் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று றொட் அடித்து இணைக்கச் சொல்லுங்கள், மீற்றர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு மெயின் போர்டில் சேர்ஜ் அரெஸ்டர் பூட்டுங்கள், மின்னல் அலையை ஏர்த்துக்குத் திருப்பிவிடுவது அதுதான். ஏர்த் சரியில்லாமல் அதைப் பூட்டிப் பெரிய பயனில்லை.

வானம் கறுக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள், டிஷ் வயரையும்தான். இடி தலைக்கு மேல் வந்துவிட்டதா, விடுங்கள், தொடவேண்டாம். ரீவி போனால் வாங்கலாம். அம்மாமார், அந்த நேரம் கிணற்று மோட்டரை நிறுத்தப் பிள்ளையை அனுப்பவே அனுப்பாதேங்கோ.