தெனாரியம்: உரோமரின் வெள்ளிக்காசு

உரோமரின் முதன்மையான வெள்ளிக்காசுக்கு இலத்தீனில் ‘தெனாரியுஸ்’ என்று பெயர். ‘பத்துப் பத்தாக’ என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது. ‘அஸ்’ என்ற வெண்கலக் காசு பத்துக்கு ஈடு என்பதால் அந்தப் பெயர். கி.மு. 211 வாக்கில், கார்த்தேஜின் படைத்தலைவன் ஹன்னிபாலோடு போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இந்தக் காசு புழக்கத்துக்கு வந்தது. கி.மு. 140 வாக்கில் அதன் மதிப்பைப் பதினாறு அஸ் என்று உயர்த்தினார்கள். பெயர் மட்டும் பத்திலேயே நின்றுவிட்டது.

தொடக்க காலக் காசின் தலைப் பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி இருப்பாள். அவள் கழுத்துக்குப் பின்னால், பெருக்கல் குறி போல, பத்து என்னும் உரோம எண். மறுபக்கம் காஸ்தர், பொலுக்ஸ் என்ற இரட்டைத் தெய்வங்கள் ஈட்டியோடு குதிரையில் பாய்வார்கள். நம் அசுவினி தேவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

அப்புறம் காசடிக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் தங்கள் முன்னோரின் பெருமையைப் பொறிக்கத் தொடங்கினார்கள். உயிரோடு இருக்கும்போதே தன் முகத்தை உரோமக் காசில் முதன்முதலில் இடம்பெறச் செய்தவர் ஜூலியஸ் சீசர், ஆண்டு கி.மு. 44. அந்த மார்ச் 15ஆம் நாள் அவரைக் குத்திக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வெளியிட்ட தெனாரியத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். இரண்டு குத்துவாள்கள், நடுவே, விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே ‘மார்ச் நடுநாள்’ என்பதன் இலத்தீன் சுருக்கம். கொலையை விடுதலை என்று சொல்ல மூன்றே உருவங்கள் போதுமாக இருந்தன. ஆனால் காசைத் திருப்பினால் புரூட்டஸின் சொந்த முகம்! எதை எதிர்த்துச் சீசரைக் கொன்றாரோ, அதையே அவரும் செய்துவிட்டார். உரோமக் காசுகளிலேயே இவ்வளவு பேசும் காசு வேறில்லை என்பேன்.

தமிழகத்தில் கிடைத்த தெனாரியங்களில் அகஸ்டஸ், திபேரியுஸ் என்ற உரோமப் பேரரசர்களின் காலத்தவையே மிகுதி. திபேரியுஸ் காசின் ஒரு பக்கம் வாகைமாலை போல இலைமுடி சூடிய அரசனின் தலை; மறுபக்கம் செங்கோலும் ஒலிவக் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். அவளை அமைதித் தேவி என்றும் அரசனின் தாய் லிவியா என்றும் சொல்வார்கள்.

சரி, இந்தக் காசின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? ‘தினார்’ இதே வேரில் அரபு வழியாக வந்தது. இன்று குவைத், ஈராக் நாணயங்களைக் குறிப்பதால் குழப்பும். வடமொழியின் ‘தீனாரம்’ பொற்காசைக் குறித்தது, வெள்ளிக்குப் பொருந்தாது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘பணம்’ என்றது; பொதுமொழிபெயர்ப்பு ‘தெனாரியம்’ என்கிறது. ‘மரம்’, ‘பணம்’ போல மகர ஈறு பெற்று வேற்றுமை உருபுகளை இயல்பாக ஏற்பதால், தெனாரியம்தான் சரியான வடிவம். தெனாரியத்தை, தெனாரியங்கள் என்று தடையின்றி எழுதலாம். பொது வாசகருக்கு முதல் முறை ‘உரோம வெள்ளிக்காசு’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும். இருபத்தைந்து தெனாரியத்துக்கு ஈடான ‘ஔரேயுஸ்’ காசை ‘உரோமப் பொற்காசு’ என்றே எழுதலாம்.